கைலி கண்ட இலக்கியம்

வீட்டில் ஒருவர் எழுத ஆரம்பித்தால் மற்றவர்கள் விஷயதானம் செய்ய வேண்டும் என்பது எழுதாத சட்டம். கவிதை எழுதுகிற பிள்ளை என்றால் பரவாயில்லை. நிலாவையோ எதிர்வீட்டு ஜன்னலையோ பார்த்துக்கொண்டிருக்கும், அப்பா பிழைத்துக்கொள்வார். கதை எழுதினால் கொஞ்சம் ஆபத்து. ஃபேஷன் பத்திரிகைக்கு எழுதுகிற பெண் இருந்தாலோ இடுப்பில் கட்டியிருப்பதற்குக்கூட உத்தரவாதம் கிடையாது.

என் மகள் ஃபேஷன் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே மாணவர்களே நடத்தும் பத்திரிகை ஒன்று உண்டு. செமஸ்டருக்கு ஒன்று வரும். முன்னால் இங்கிலீஷ், பின்னால் கொஞ்சம் தமிழ். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆள் அகப்படாமல், பிளஸ் டூவில் தமிழில் நல்ல மார்க் வாங்கியவள் என்ற ஒரே குற்றத்துக்காக இவளைப் பிடித்துப் போட்டார்கள். “சம்பளம் உண்டா?” என்று கேட்டேன். “பைலைன் உண்டுப்பா” என்றாள். கட்டுரையோடு எழுதியவர் பேரையும் அச்சடிப்பதுதான் பைலைனாம். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் தலைமயிர் உதிரும்வரை எழுதியும் எனக்கு அது வாய்க்கவில்லை. ஓரமாக ஒரு சுருக்கொப்பம் மட்டும் போடச் சொல்வார்கள். அதுவும் பிற்பாடு ஆடிட்டில் பிடிபட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதற்காக.

நானும் எழுத்தாளன்தான் என்பதை இந்த இடத்தில் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். ‘பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்களின் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது’ என்று நான் எழுதாத வாரமே கிடையாது. எவருடைய கவனமும் ஈர்க்கப்பட்டதில்லை, கனிவு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் அது ஒரு நடை. அந்த நடைக்கு வாரிசு வந்துவிட்டது என்று உள்ளூர ஒரு பூரிப்பு.

மகளின் முதல் கட்டுரை காஞ்சிப் பட்டைப் பற்றியது. ‘காலத்தை வென்ற கம்பீரம்’ என்று தொடங்கி, ‘பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் கனவு’ என்று வளர்ந்து, ‘ஒவ்வொரு இழையிலும் ஒரு கதை’ என்று முடிந்திருந்தது. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டேன். சித்தப்பா கைகூப்பும் பொம்மை அனுப்பினார். கோயம்புத்தூர் அத்தை ரோஜாப்பூ அனுப்பினாள். போட்ட அரை நிமிஷத்துக்குள் இரண்டும் வந்துவிட்டதால் யாரும் படிக்கவில்லை என்பது உறுதியானது.

படித்த ஒரே ஆள் பத்திரிகையின் ஆசிரியை. கடைசி வருஷ மாணவி, ஹாஸ்டல்வாசி. ஜூனியர்கள் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டு ஓரடி தள்ளியே நிற்பார்களாம். கட்டுரையைத் திருப்பி அனுப்பினாள். மேலே ஒரே ஒரு கேள்வி: “இதில் புடவை எங்கே?”

வீடு ரெண்டுபட்டது. மகள் சாப்பிடவில்லை. “அந்தப் பொண்ணுக்குப் பொறாமை” என்றாள் என் மனைவி. நான் பார்வை எண் போட்டு, மூன்று இணைப்புகளோடு, விரிவான மறுப்புக் கடிதம் ஒன்று தயாரித்தேன். அதை அனுப்பவிடாமல் மகளே தடுத்துவிட்டாள். அவளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலுக்கு வந்து, “அப்பா, என் கட்டுரையில் பட்டுப் புடவை வருகிற இடத்திலெல்லாம் பித்தளை அண்டான்னு போட்டு ஒருதடவை படி” என்றாள். படித்தேன். ஒரு வரிகூடச் சிதையவில்லை. சொல்லப்போனால் காலத்தை வென்ற கம்பீரம் எங்கள் வீட்டு அண்டாவுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்தியது.

அந்த அக்காவுக்கு ஃபேஷன் எழுத்தின் பூர்வகதை எல்லாம் அத்துப்படி. மறுநாள் மகள் அவளிடமிருந்து ஜோன் டிடியன் என்ற எழுத்தாளரின் கதையைக் கொண்டுவந்தாள். அமெரிக்காவில் வோக் பத்திரிகை கல்லூரி மாணவிகளுக்காக ‘பிரீ தெ பாரி’ என்று ஒரு போட்டி நடத்தியது. பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த டிடியன் 1956-இல் அதில் ஜெயித்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போனார். வேடிக்கை என்னவென்றால் பரிசு வாங்கிய கட்டுரை உடுப்பைப் பற்றியதே அல்ல. ஒரு கட்டடக் கலைஞரைப் பற்றியது. அங்கே அலீன் டால்மி என்ற ஆசிரியையிடம் எட்டு வரிப் படக்குறிப்பை எழுதிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அந்த அம்மாள் பென்சிலை எடுத்து, கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும் சொல்லைக் கண்டாலும் வேலை செய்யாத வினைச்சொல்லைக் கண்டாலும் கோபப்படுவாராம். பின்னாளில் அமெரிக்காவே மெச்சிய உரைநடை அங்கேதான் கூர் தீட்டப்பட்டது.

எங்கள் கண்காணிப்பாளரும் சிவப்பு மை பேனா வைத்திருந்தார். அவர் சொற்களைச் சேர்ப்பார்.

“1951-இல் அதே போட்டியில் ஜெயிச்சது யாரு தெரியுமாப்பா? ஜாக்குலின் பூவியே. பின்னாடி கென்னடியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களே, அவங்க.”

“எட்டு வரி எழுதுறதை விட வெள்ளை மாளிகை சுலபம்னு நினைச்சிருப்பாங்க” என்றேன்.

மகள் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் என் நகைச்சுவையையும் அவள் பென்சிலோடுதான் கேட்கிறாள்.

அக்கா கொடுத்த அடுத்த வேலைதான் என் பொதுவாழ்வின் ஆரம்பம். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு துணி. அறுபது சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அழகு, கம்பீரம், பாரம்பரியம் மூன்றுக்கும் தடை. என் மனைவி முகூர்த்தப் புடவையை பீரோவிலிருந்து எடுத்து நாப்தலின் வாசனையோடு விரித்துப் போட்டாள். மகள் அதைப் பார்த்தாள், திரைச்சீலையைப் பார்த்தாள், தலையணை உறையைப் பார்த்தாள். கடைசியில் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மேல் பார்வை வந்து நின்றது. “அப்பா, அசையாதே” என்றாள். இஞ்ச் டேப் வந்தது. டார்ச் வந்தது. தரையில் முட்டி போட்டு, என் கைலியின் கீழ்க்கரையை விரலால் தடவிப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டாள். டாக்டர்கூட என்னை அவ்வளவு நேரம் பரிசோதித்ததில்லை.

வந்தது இது:

‘கட்டம் போட்ட கைலி. நீலமும் மெரூனும். நீலம் முன்பக்கம் இருக்கிறது. பின்பக்கத்து நீலத்தை நாற்காலி எடுத்துக்கொண்டது. மூட்டிய இடத்தில் தையல் விட்டு, மறுபடி தைத்திருக்கிறது: வெள்ளை நூல், பெரிய பெரிய தையல், ஆண் கை. இடது இடுப்பில் செருகுவதால் அங்கே துணி மெலிந்திருக்கிறது. கீழ்க்கரையில் சாம்பார். காலிங்பெல் அடித்தால் மடித்துக் கட்டியது இறங்கும். ஆபீஸ் ஆள் என்றால் கைலி உள்ளே போய் பேண்ட்டாக வரும்.’

அக்கா ஒரே ஒரு ‘பெரிய’வை அடித்துவிட்டு மீதியை அப்படியே ஏற்றுக்கொண்டாள். என் மனைவி படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் உடையைப் பற்றி அவள் சொல்லிவந்த அத்தனையும் அந்தச் சில வரிகளில் இருந்ததாம். அவள் எடுத்துக்கொண்ட சொற்கள் எத்தனையோ ஆயிரம்.

நான் முறைப்படி ஓர் ஆட்சேபம் தெரிவித்தேன். கீழ்க்கரையில் இருப்பது சாம்பார் அல்ல, வத்தக்குழம்பு. நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு விசாரணையில்லாமல் முடிவுக்கு வந்திருக்கிறாள். மகள் ஒரு கணம் யோசித்து, கறையை முகர்ந்து பார்த்து, “சரிப்பா, நீ சொல்றதுதான்” என்று திருத்தினாள். அன்றிலிருந்து எதை எழுதினாலும் சம்பந்தப்பட்டவரிடம் ஒருதடவை கேட்டுவிட்டு எழுதும் வழக்கம் வந்தது. தமிழ் ஃபேஷன் எழுத்துக்கு என் பங்களிப்பு இந்த வத்தக்குழம்பு.

கைலியோடு விட்டாளா? இல்லை. அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தோண்ட ஆரம்பித்தாள். நான் இடுப்பில் கட்டியிருந்தது மெட்ராஸ் செக்ஸ். உலகம் சுற்றிய துணி. புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல், 1718-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும், துணி உள்ளிட்ட ஒன்பது பொதிச் சரக்கும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரி அவர் பேரை வைத்துக்கொண்டது. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். ஒரு தடவை அனுப்பிய ஒன்பது பொதிக்கு ஒரு பல்கலைக்கழகம். நான் செமஸ்டர் தவறாமல் ஃபீஸ் கட்டுகிறேன். கேன்டீனில் ஒரு பெஞ்சுக்குக்கூட என் பேர் இல்லை.

நைஜீரியாவில் நைஜர் டெல்டாவில் இருக்கும் கலபாரி மக்கள் இந்தக் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியை ‘இஞ்சிரி’ என்கிறார்கள். அதை வாங்கி, குறிப்பிட்ட சில நூல்களை மட்டும் பிளேடால் அறுத்து உருவியெடுத்து, உள்ளே இருந்த கட்டத்திலிருந்து வேறொரு கோலத்தை வரவழைக்கிறார்கள். அதற்கு ‘பெலெதே பிதே’ என்று பேர். சாவுச் சடங்கு முதல் திருவிழா வரை அதற்கு மதிப்பு உண்டு. எங்கள் வீட்டுக் கட்டில் ஆணி என் கைலிகளில் இதே கலையைப் பல காலமாகச் செய்துவருகிறது. வீட்டில் யாரும் அதைக் கலையாகப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பிரயோசனப்பட்டது 1958 விவகாரம். மெட்ராஸ் கட்டத் துணியை, பிற்காலத்தில் ஹோட்டல் அதிபராகப் பேர் வாங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் வாங்கினார். துணி ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சட்டையாயிற்று. குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டிய துணி அது என்பதை வாங்கினவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் மற்றத் துணிகளோடு மெஷினில் போட்டார்கள். சாயம் ஓடியது. ரகளை. நம்மூராக இருந்தால் கடை வாசலில் பஞ்சாயத்து நடந்திருக்கும். அங்கே என்ன செய்தார்கள்? சாயம் போவதுதான் இந்தத் துணியின் சிறப்பு, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் வரும் என்று எழுதினார்கள். சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாக அச்சடித்தார்கள். ‘செவன்டீன்’ பத்திரிகை அதைப் பெரிய சங்கதியாக வெளியிட்டது. கல்லூரிப் பையன்கள் விரும்பி வாங்கினார்கள்.

இந்தத் தகவல் கிடைத்த வாரத்தில்தான் என் புதுக் கைலி வாஷிங்மெஷினில் என் மனைவியின் வெள்ளைச் சுடிதாரோடு குடித்தனம் நடத்திவிட்டு வெளியே வந்தது. நான் நிதானமாக 1958-ஐ எடுத்துச் சொன்னேன். ‘இது குறை இல்லை, சிறப்பு, சுடிதாருக்கு இப்போது ஒரு குணம் வந்திருக்கிறது’ என்றும் சொன்னேன். “அப்ப நீங்க போட்டுக்குங்க” என்றாள்.

மகள் சோபாவில் உட்கார்ந்து இதைக் குறித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டுரையில் அவள் எழுதிய ஒரு வரி எனக்கு நிரம்பப் பிடித்தது: எழுத்தால் சாயத்தை நிறுத்த முடியாது, ஆனால் புகார் கொடுக்க வந்தவனை வாடிக்கையாளன் ஆக்க முடியும், ஆகவே ஃபேஷன் எழுதுகிறவன் தன்னைத்தானே கொஞ்சம் சந்தேகப்பட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் வருஷப் பெண் எழுதியது. நான் அரசாங்கத்தில் இருப்பவன். சாயம் போன எத்தனையோ திட்டங்களுக்குச் சிறப்பு எழுதிக் கொடுத்தவன். எனக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்ததே இல்லை.

அடுத்து என் அம்மா மாட்டிக்கொண்டாள். அம்மா காரைக்குடிப் பக்கம். கண்டாங்கி கட்டி வளர்ந்தவள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது டிவியில் காட்டினார்கள், “இதுக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்டு?” என்று கேட்டவள். மகள் போனை ரெக்கார்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்: “அப்பத்தா, கண்டாங்கியைக் கட்டுறப்ப உன் மனசுல என்ன தோணும்?”

“என்ன தோணும்? நேரமாச்சுன்னு தோணும்.”

“இல்ல அப்பத்தா, அந்த உணர்வு...”

“உணர்வென்னடி உணர்வு. துணி அது. களையெடுக்கப் போறவ நின்னு உணர்ந்துக்கிட்டா இருப்பா?”

பேட்டி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மகள் கெட்டிக்காரி, கேள்வியை மாற்றினாள். எத்தனை முழம், என்ன விலை, எத்தனை நாள் உழைக்கும், கிழிந்தால் என்ன செய்வீர்கள்? அவ்வளவுதான், மடை திறந்தது. கெட்டி நூல், அகலக் கரை, அரக்கும் மஞ்சளும் கறுப்பும்தான் எடுப்பு. கணுக்கால் தெரிகிற உயரத்தில் நிற்கும், அப்போதுதான் வரப்பில் நடக்கலாம். கொசுவம் பின்பக்கம் வரும். கஞ்சி போட்டால் தானாக நிற்கும். கிழிந்தால் தூளி, தூளி நைந்தால் அடுப்படித் துணி, அதுவும் போனால் விளக்குத் திரி. “உங்கப்பன் அந்தத் தூளியிலதான் மூணு வயசு வரைக்கும் ஒண்ணுக்குப் போனான். சாயம் போகலையே!”

நான் அக்காவுக்கு நேரடியாகவே போன் போட்டேன். கட்டுரையிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்க முடியுமா என்று கேட்டேன். அந்தப் பெண் மிக மரியாதையாகப் பேசினாள். “அங்கிள், நிறம் நின்னதுக்கு அந்தக் கட்டுரையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். எடுத்தா வாதம் விழுந்துடும்” என்றாள். ஆதாரம் என்று சொன்ன பிறகு கணக்குப் பிரிவு ஆள் என்ன பேச முடியும்?

பின் கொசுவம் எப்படி வைப்பது என்று அப்பத்தா செய்து காட்ட வேண்டும் என்றார்கள். மகள் போட்டோ எடுக்க வேண்டும், என் மனைவி அடுப்படியில் இருக்கிறாள். மிச்சம் நான். பேண்ட்டுக்கு மேலேயே சுற்றினாள் அம்மா. இழுத்துச் செருகும்போது, “வயித்தை எக்குடா” என்றாள். எக்கினேன். பெரிதாக எதுவும் மாறவில்லை. “இவனுக்கு ஒரு கண்டாங்கி பத்தாதுடி” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது கூரியர்காரர் திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார். ஓடிபி கேட்டார், சொன்னேன். பார்சலைக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பார்சலை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இதற்குள் அக்காவுக்கு இவள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. மறுபடியும் காஞ்சிப் பட்டைக் கொடுத்தாள். “இந்தத் தடவை தறியைப் பார்த்துட்டு எழுது” என்றாள். காஞ்சிபுரத்துக்கு நான் டிரைவர், பை தூக்குபவர், பணப்பெட்டி. என் மனைவி ‘சும்மா பார்க்க’ வந்தாள்.

தறிக்கூடம் ஒரு வீட்டின் முன்பக்கம். குழித்தறி. நெசவாளர் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தார். தறியின் ஒரு பக்கத்தில் அவர் சம்சாரம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி நூல். ஒவ்வொரு வரியிலும் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். இதுதான் கோர்வை. மூன்று நாடா, இரண்டு ஆள். கோர்வை ஒழுங்காகப் பிடித்தால் உடல் கிழிந்தாலும் கரை கழன்று வராது என்றார். முந்தி வேறு நிறமாக இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது: உடலின் பாவு நூல் ஒவ்வொன்றோடும் முந்தியின் பாவு நூலைக் கோத்து மாற்றுவது. அதற்குப் பேட்னி என்று பேர். நிறம் மாறும் இடத்தில் விரலை வைத்தால் மெல்லிய மேடு தட்டும். மகள் கண்ணை மூடிக்கொண்டு அந்த மேட்டைத் தடவிப் பார்த்தாள். நானும் தடவினேன். “உள்ளே உட்கார்ந்து பாக்கிறீங்களா சார்?” என்று நெசவாளர் உபசாரத்துக்குக் கேட்டார். உட்கார்ந்தேன். இறங்குவது சுலபமாகத்தான் இருந்தது. ஏறுவதற்கு அவரும் அவர் சம்சாரமும் என் மகளும் தேவைப்பட்டார்கள்.

இந்தக் கட்டுரையில் ‘ஒவ்வொரு இழையிலும் ஒரு கதை’ இல்லை. அதற்குப் பதில் இப்படி எழுதியிருந்தாள்: கணவர் நாடாவை எறிகிறார், மனைவி வாங்கித் திருப்புகிறார், ஒருவர் தும்மினால் மற்றவர் நிறுத்த வேண்டும், காலையில் சண்டை போட்டிருந்தால் அன்றைக்குக் கரை நேராக வராது என்று அந்த அம்மாள் சொன்னார், கணவர் மறுக்கவில்லை. நான் இதை இரண்டு தரம் வாசித்தேன். பித்தளை அண்டாவை வைத்தும் சோதித்துப் பார்த்தேன். அண்டா உள்ளே நுழையவில்லை.

சும்மா பார்க்க வந்தவள் வாங்கின புடவைக்கு என் வருங்கால வைப்பு நிதியில் கை வைக்க வேண்டி வந்தது. மகளின் எழுத்து வளர்ச்சிக்கு நான் போட்ட முதலீட்டில் அதுதான் பெரியது. அது அவள் அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

நடுவில் மகள் ஒரு பத்தியும் எழுதிவந்தாள். 1936-இல் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகையில் டயானா வ்ரீலண்ட் ஒரு தொடர் நடத்தினார்; ‘இப்படிச் செய்தால் என்ன?’ என்று வாசகிகளைக் கேட்கிற பத்தி. குழந்தையின் பொன்னிறத் தலைமயிரை, நுரை அடங்கிப்போன ஷாம்பேனில் அலசினால் என்ன என்பது அதில் பிரசித்தம். ஊரெல்லாம் வேலையில்லாமல் திண்டாடிய காலத்தில் இது! எங்கள் வீட்டில் சீயக்காய்க்கே சண்டை. மகள் அந்தப் பாணியை ஹாஸ்டலுக்கு இறக்கினாள்: மெஸ்ஸில் வடித்த கஞ்சியை வார்டனிடம் கேட்டு வாங்கிப் பருத்திப் புடவைக்குப் போட்டால் என்ன? அம்மாவின் பழைய ஃபால்ஸைப் பிரித்து ஜோல்னாப் பைக்கு வார் தைத்தால் என்ன? அப்பாவின் வெள்ளைச் சட்டையை, அவர் தேடுவதற்குள், பெல்ட் போட்டு அணிந்தால் என்ன? வாசகிகளிடம் பலத்த வரவேற்பு. விளைவாக, என் முழுக்கைச் சட்டைகள் எல்லாம் இப்போது பெண்கள் விடுதியில் தங்கியிருக்கின்றன. உள்ளே போய்க் கேட்க ஆண்களுக்கு அனுமதி கிடையாது.

பேண்ட்டுகளுக்கு வேறு யோகம். 1990களில் தைத்தவை. முன்னால் ப்ளீட், தொடையில் தாராளம். “உக்காரும்போது காத்து வேணும் சார்” என்று சொல்லி டெய்லர் அரை மீட்டர் கூடுதலாகத் துணி கேட்டு வாங்கித் தைத்தது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் வருஷா வருஷம் போகிக்குப் போகி கோரிக்கை எழும். நான் அசையவில்லை, சிக்கனம் என்று நான் சொன்னேன், கஞ்சத்தனம் என்று என் மனைவி சொன்னாள். இப்போது தொளதொள பேண்ட் திரும்ப வந்துவிட்டது. எங்கள் மொட்டைமாடியிலேயே படம் பிடித்தார்கள். ஒல்லிப் பையன் ஒருவன் என் பேண்ட்டைப் போட்டு நின்றான். முதுகுப்பக்கம் துணி கிளிப்புகளை வரிசையாக மாட்டி இடுப்பை இறுக்கியிருந்தார்கள். கேமராவுக்குத் தெரியாது. படத்துக்குக் கீழே ‘பேண்ட்: தனியார் சேகரிப்பு’ என்று போட்டிருந்தது. பைலைன் இல்லாவிட்டால் போகிறது, சேகரிப்பாளர் ஆகிவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் மகளோடு எனக்குக் கருத்து வேற்றுமை. பின்னட்டைக்கு விளம்பரம் கொடுக்க வந்த ஒரு துணிக்கடை, உள்ளேயும் கடையைப் பாராட்டி ஒரு பக்கம் கட்டுரை வேண்டும் என்றது. “போட்டுட்டுப் போயேன், அச்சுக்கூலிக்கு ஆச்சு” என்றேன். “போடலாம்பா. மேலே விளம்பரம்னு எழுதிப் போடலாம்” என்றாள். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னட்டையும் போயிற்று, இதழ் நான்கு பக்கம் மெலிந்தது. என்னைப் பொறுத்தவரை இது பிழைக்கத் தெரியாத குணம். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, நான்கு பக்கம் குறைந்ததில் என்னைப் பற்றிய ஒரு பக்கமும் போயிருந்ததால் மேல்முறையீடு செய்யவில்லை.

இப்போது அவளுக்குப் பெரிய கனவு வந்துவிட்டது. 1991-இல் லண்டனில் ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்டு’ பத்திரிகையைத் தொடங்கிய ஜெஃபர்சன் ஹேக்கும் ராங்கினும் அதற்கு முன் லண்டன் காலேஜ் ஆஃப் பிரிண்டிங்கில் மாணவர் பத்திரிகை நடத்தியவர்கள்தானாம். “அவங்க அப்பாக்கள் வீட்ல என்ன கட்டிக்கிட்டு இருந்தாங்கன்னு எங்கயாவது பதிவாகியிருக்கா?” என்று கேட்டேன். இல்லையாம். கொடுத்துவைத்தவர்கள்.

அக்கா பட்டம் வாங்கிப் போய்விட்டாள். தமிழ்ப் பக்கங்கள் முழுசாக என் மகள் பொறுப்பு. அடுத்த இதழ் பனியன் சிறப்பிதழ். திருப்பூருக்குப் போய்ப் பின்னல் மெஷினைப் பார்த்து வந்துவிட்டாள். நூல் எண், ஜிஎஸ்எம், ரிப் என்று சரளமாகப் பேசுகிறாள். மீதி ஆராய்ச்சி வீட்டிலேயே நடக்கும் என்றும், ஓட்டை விழுந்த பனியன் எதையும் யாரும் அடுப்படிக்குக் கொடுத்துவிடக் கூடாது என்றும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள். ஆகையால், ஃபேஷன் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கும் பெண்ணைப் பெற்ற அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிற அன்றே இரண்டு பனியன் புதிதாக வாங்கிவிடுங்கள். படம் எடுக்கப்போவது பழையதைத்தான். இருந்தாலும் வாங்கி வையுங்கள்.